என் முதலாளி மூடி வைத்த நோட்டு

மே மாதம்தான் எங்கள் தொழிலுக்குச் சீசன். போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடும். வோல்டேஜ் வராது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனது தெரியாமல் மோட்டார் உறுமிக்கொண்டே கிடக்கும். கடைசியில் உள்ளே இருக்கும் காயில், அதாவது கம்பிச்சுருள், கருகி, டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் படுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து சேரும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக ரீவைண்டிங் கடை, அதாவது கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டும் கடை, வைத்திருக்கிறேன். இந்த மே மாதம், அவ்வளவு நெருக்கடியிலும், பிளஸ் ஒன் முடித்த ஒரு பெண்பிள்ளையை மூன்று வாரம் கடையில் உட்கார வைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தேன். 'உனக்கு எதுக்குப்பா இந்த வேலை' என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகிய கதையைச் சொன்னால்தான் இது புரியும். பத்தாவது முடித்த லீவில் என்னை ஒரு வைண்டிங் கடையில் விட்டார் அப்பா. முதல் ஒரு வருடம் டீ வாங்குவது, கடை கூட்டுவது, முதலாளி வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பது. கருகிய மோட்டாரைப் பிரித்ததும் காயில் உட்காரும் ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்று ஒரு நீளநோட்டில் குறித்துக்கொள்வார் முதலாளி. எங்கள் தொழிலின் உயிரே அந்த நோட்டுதான். நான் பக்கத்தில் போனால் படக்கென்று மூடிவிடுவார். அவர் வெற்றிலை போட வெளியே போகும் ஐந்து நிமிடத்தில் திறந்து பார்த்து, மனப்பாடம் பண்ணி, வீட்டுக்கு வந்து எழுதி வைத்துத்தான் தொழில் கற்றேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அவர் முதலாளி அப்படித்தான் மூடியிருப்பார்.

நம் ஊர்ப் பிள்ளைகள் லீவில் சும்மா இருப்பதில்லை. தக்காளி பறிக்கப் போகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறார்கள், மில் வேன் ஏறிப் போகிறவர்களும் உண்டு. காசு வருகிறது, சரி. ஆனால் ஒரு கடை எப்படி ஓடுகிறது, கணக்கு எப்படி எழுதுகிறார்கள், ஒரு பொருள் ஏன் கெட்டுப்போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டவுன் பிள்ளைகளுக்கு மாமா ஆபீஸ், சித்தப்பா கம்பெனி என்று ஏதாவது வாசல் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நம் கடைகள்தான் இருக்கின்றன.

தொழிற்கல்விப் பிரிவு என்று பிளஸ் டூவில் ஒன்று இருப்பது பலருக்கு ஞாபகம்கூட இருக்காது. மின்சாரம், இயந்திரம், வேளாண்மை, நெசவும் ஆடை வடிவமைப்பும், நர்சிங் என்று பல பிரிவுகள். மார்க் குறைந்தவர்கள் போகும் வகுப்பு என்று நாமே முத்திரை குத்தி வைத்துவிட்டோம். இந்தப் பிள்ளை அதில் மின்சாரப் பிரிவு. மோட்டாரில் காயில் உட்காரும் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் படத்தை அழகாக வரைகிறாள், பாகமெல்லாம் குறிக்கிறாள். நிஜ ஸ்டேட்டரை என் கடையில்தான் முதல் தடவை தொட்டாள்.

முதல் நாள் அம்மாவும் கூடவே வந்தார். காலை முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ஏதும் சொல்லவில்லை. மகளைப் பெற்றவர், பார்த்துக்கொள்ளட்டும். மத்தியானம் தயங்கித் தயங்கி என் மனைவியிடம்தான் கேட்டார்: பிள்ளை பாத்ரூம் போக வேண்டுமென்றால் எங்கே போகும்? எனக்குச் சுருக்கென்றது. 22 வருடமாக நானும் பையன்களும் கடைக்குப் பின்னால் வேலியோரம் போய்வந்ததில் அப்படி ஒரு கேள்வியே எனக்கு வந்ததில்லை. பக்கத்துத் தையல் கடை அக்காவிடம் பேசி அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்தோம். ஊர்க்கடைகளில் பெண்பிள்ளைகள் ஏன் தொழில் பழக வருவதில்லை என்று பெரிய பெரிய காரணம் தேடுகிறோம். என் கடையைப் பொறுத்தவரை காரணம் ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு.

இரண்டாவது வாரம் ஒரு மோனோபிளாக் மோட்டார் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்தது) வந்தது. ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை கருகியிருக்கிறது. விவசாயி வோல்டேஜைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்து, சுற்றை எண்ணச் சொல்லி இந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். மூன்று பேஸுக்கும் தனித்தனிக் காயில்கள் உண்டு. நாங்கள் ஒரு காயிலை எண்ணி நோட்டில் எழுதிவிடுவோம், மற்றதும் அதேதான் என்று கணக்கு. அவளுக்கு அந்தச் சுருக்குவழி தெரியாது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயிலாக, வெட்டுப்பட்ட கம்பி நுனிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துவைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். எனக்கு எரிச்சல்தான். "அண்ணா, இந்த ஒரு பேஸில் மட்டும் எல்லாக் காயிலும் நாலு நாலு குறையுது" என்றாள். தப்பாக எண்ணியிருப்பாய் என்று நானே உட்கார்ந்து எண்ணினேன். நாலு குறைந்தது.

சுற்று குறைந்த பேஸ் கரண்டை அதிகம் இழுக்கும். சூடு ஏறும். வோல்டேஜ் நன்றாக இருந்தாலும் அந்த மோட்டார் கருகத்தான் செய்யும். போன தடவை அதைக் கட்டியது வேறு யாருமில்லை, என் கடைதான். விவசாயியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, இந்தத் தடவை காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தேன். அவர் அதற்கும் வோல்டேஜைத்தான் திட்டிவிட்டுப் போனார்.

இனி, திட்டு வாங்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நண்பர், 'இது குலக்கல்வி இல்லையா' என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். அடுத்த வருடம் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். அது தொடர்ந்திருந்தால் என் தலைமுறையில் எத்தனை பேர் பள்ளியைத் தாண்டியிருப்போம் என்று தெரியாது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. பரம்பரைத் தொழில் செய்யும் குடும்பமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால்தான் கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டமும் இங்கே சிக்கியது. எனவே நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் பேசி ஒரே ஒரு விதி வைத்தோம்: எந்தப் பிள்ளையும் அப்பா அம்மா செய்யும் தொழிலுக்கு வரக்கூடாது. சலூன்காரர் மகன் மெடிக்கல் கடைக்குப் போனான். ஆடு மேய்ப்பவர் மகள் எனக்கு வந்தாள்.

ஒரு பையன் கமிஷன் மண்டிக்குப் போனான். அவன் அப்பா ஆயுசு முழுக்கத் தக்காளி போட்டவர். 14 கிலோ பெட்டிக்குக் கமிஷன், இறக்குக்கூலி என்று சீட்டில் எதெது கழிகிறது என்று பையன் ஒரு வாரத்தில் வீட்டில் விளக்கியிருக்கிறான். இதனால் மண்டிக்காரருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். பரவாயில்லை, அடுத்த லீவுக்கும் அவரைக் கேட்கத்தான் போகிறேன்.

குழந்தைத் தொழிலாளர் என்று சொன்னவர்களுக்கு: 14 வயதுக்குக் கீழே யாரையும் கடையில் சேர்க்கக்கூடாது, 18 வயது வரை ஆபத்தான வேலை தரக்கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். என் கடையில் அந்தப் பிள்ளை கரண்ட் இருக்கும் ஒயரைத் தொடவில்லை, கிரைண்டர் பக்கம் போகவில்லை, மோட்டார் இறக்கும் இடத்துக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு வந்து ஒன்றரைக்குக் கிளம்பிவிடுவாள். டீ வாங்கவும் அனுப்பவில்லை. சனிக்கிழமைதோறும் பஸ் காசும் கைச்செலவுக்கு ஐநூறு ரூபாயும் கொடுத்தேன். இலவசமாகக் கற்றுத் தருகிறோமே, காசு எதற்கு என்று ஒரு கடைக்காரர் கேட்டார். தக்காளி பறிக்கப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு வருகிற பிள்ளை அது. அந்த நஷ்டத்தில் பாதியையாவது நாம் ஏற்க வேண்டாமா?

மூன்று வாரத்தில் யாரும் வைண்டர் ஆக முடியாது. அவள் ஆக வேண்டும் என்று நானும் ஆசைப்படவில்லை. டிப்ளமோ படிக்கப் போகிறேன் என்கிறாள், போகட்டும். நான்காவது வாரமும் வருவதாக இருந்தது, அதற்குள் பள்ளியில் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்துவிட்டது. கோடை விடுமுறையைப் பிடுங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும்.

கடைசி நாள், நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளவா அண்ணா என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாக நோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. முதலாளியின் கை அது. அப்புறம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த மோனோபிளாக் கணக்கை அவளே எழுதியிருக்கிறாள், மூன்று பேஸும் தனித்தனியாக. இப்போது கடைப் பையன்களும் எல்லாக் காயிலையும் எண்ண வேண்டியிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டேதான் எண்ணுகிறார்கள்.

அரையாண்டு லீவுக்கு ஒரு வாரமாவது ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள நம் ஊர்க் கடைக்காரர்கள் யார் யார் தயார் என்று கீழே சொல்லுங்கள். நர்சரி, லேத், பிரின்டிங், கால்நடை மருந்துக்கடை, எதுவானாலும் சரி. கடையில் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.