ஸ்டென்ட் வைத்த பின் மாத்திரையை நிறுத்துவது பற்றி

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (சிறு உலோக வலைக்குழாய்) வைத்து அடைப்பு நீங்கிவிட்டால் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளை ஒரு மாதத்தில் நிறுத்திவிடலாம் என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது, காரைக்குடி, தேவகோட்டைக் குழுக்களிலும் பகிரப்படுவதால், பணிவுடன் திருத்த விரும்புகிறேன். ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையான ஆஞ்சியோபிளாஸ்டி, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கிறது. ஆனால் உள்ளே வைத்த உலோக வலையை இரத்தநாளத்தின் உட்படலம் வளர்ந்து மூடும் வரை, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டி இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும் என்பதால், மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணு எதிர்ப்பு மாத்திரையும் பொதுவாக 12 மாதங்கள் தரப்படுகிறது. இரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்கள் போன்ற சிலருக்கு இதய மருத்துவர் அக்காலத்தைக் குறைப்பதுண்டு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலில் இதைக் காணலாம்; அதைவிட எளிதாக, வீட்டிலுள்ள டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும் கால அளவைப் பார்த்து, உங்கள் இதய மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். அதுவரை ஒரு வேளை மாத்திரையையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.