'ஆப் சொல்லுச்சு' என்பது பதில் ஆகாது

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடி பகிரப் போவதில்லை. சேலத்தில் வேளாண் அலுவலர்களுக்கு, இலையைப் படம் பிடித்தால் பயிர் நோயைச் சொல்லும் ஏஐ ஆப் பற்றிய பயிற்சி. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விவசாயி அம்மா எழுந்து, "சார், இது எங்க குச்சிக்கிழங்குக்கும் சரியாச் சொல்லுங்களா?" என்று கேட்டார். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. அரங்கம் சிரித்தது. "எல்லாத்துக்கும் சொல்லும்மா, 99 சதவீதம் கரெக்ட்" என்று பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அங்கே எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

திரையில் இருந்த அந்த 99, 2016இல் வந்த பிளான்ட்வில்லேஜ் படத்தொகுப்பு ஆய்வின் எண். 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள். ஆப்பிள் உண்டு, தக்காளி உண்டு. குச்சிக்கிழங்கு இல்லை, காபி இல்லை, மாம்பழம் இல்லை. இலையைப் பறித்து, வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே ஆய்வில் 31 சதவீதம் சொச்சம்தான் சரியாக வந்தது. ஆய்வாளர்களே அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அங்கிருந்த ஒரு அலுவலருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆப்பை இறக்கிப் படம் பிடிக்கக் காட்டுவது பயிற்சி இல்லை. எதைப் பார்த்து அது கற்றது, எங்கே தப்பாகச் சொல்லும், தப்பானால் யார் பொறுப்பு, இதை விவசாயியிடம் அவர் பேச்சிலேயே சொல்லத் தெரிய வேண்டும். அதுதான் பயிற்சி.

வாழப்பாடிப் பக்கம் என் சித்தப்பாவின் குச்சிக்கிழங்குக் காட்டில் நடந்தது. கொழுந்து சுருங்கிக் கொத்தாகிவிட்டது. பார்க்க வந்த அலுவலர் செல்போனில் படம் எடுத்தார், 'தேமல் நோய்' என்று வந்தது. அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தை விரித்துப் பார்த்திருந்தால் உள்ளே மாவுப்பூச்சி தெரிந்திருக்கும். இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளாவில் கண்டுபிடித்த, குச்சிக்கிழங்கைத் தாக்கும் அதே பூச்சி. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மருந்து அடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும். சித்தப்பா அடித்தார். கிழங்கு சிறுத்தது, சேகோ பேக்டரியில் பாயிண்ட்டும் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) இறங்கியது. திரும்பக் கேட்டபோது கிடைத்த பதில், "ஆப் அப்படித்தாங்க சொல்லுச்சு."

"தொழில்நுட்பத்துக்கு எதிரியா நீ?" என்று வரப்போகிறவர்களுக்கு: இல்லை. ஆப்பிரிக்க விவசாயிகளுக்காகக் குச்சிக்கிழங்கு நோயைக் கண்டுபிடிக்கும் நூரு என்ற செயலியை உருவாக்கினார்கள், இணையம் இல்லாமலும் ஓடும். அப்படி ஒன்று நம் காட்டுப் படங்களில் பழகி வந்தால் முதல் ஆளாக நான் வாங்கிக் கொடுப்பேன்.

"அலுவலர்களுக்கு நேரம் எங்கே?" என்பது நியாயம். ஒரே ஆள் எத்தனை ஊரைப் பார்ப்பார், எத்தனை பதிவேடு எழுதுவார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கிடைக்கிற ஒரு நாளை ஸ்லைடில் கழிக்காதீர்கள். ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். சில்வர் ஓக் மர நிழலில் நிற்கும் அராபிகா காபிச் செடி வாடியிருக்கும். இலையைப் படம் எடுத்தால் சத்துக்குறை என்று வரலாம். தண்டைத் தடவிப் பார்த்தால் மேடு தட்டும், உள்ளே தண்டுத்துளைப்பான் இருக்கும். அங்கே நின்று 'இதை ஏன் ஆப்பால் பார்க்க முடியவில்லை' என்று பேசட்டும். மலைக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பழகட்டும்.

"விவசாயிக்கு அல்காரிதம் எல்லாம் புரியாது" என்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமே இல்லை. வானத்தையும் மண்ணையும் சந்தை விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் குச்சி நடுகிறவருக்கு, 'இது இதுவரை பார்த்த படங்களை வைத்து ஊகிக்கிறது' என்பதா புரியாது? உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிரித்தீர்களே, அதுதான் வலிக்கிறது. என் அம்மாவும் அந்த வயதுதான், அவரும் அப்படித்தான் எழுந்து கேட்டிருப்பார்.

வேளாண் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், அந்த வீடியோ பற்றிய என் முந்தைய பதிவை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் வந்தார். எடுக்க மாட்டேன். அந்த அம்மாவின் காட்டுக்குப் போய், அவர் கேட்டதற்கு நேரே பதில் சொல்லிவிட்டு வாருங்கள். அதையும் இங்கேயே போடுகிறேன்.