தங்கமான பயல்லா
ஒருத்தன் கொலைக் கேஸில் உள்ளே போனதும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் டீக்கடையில் முதலில் கிளம்புகிற பேச்சு, "அவனா? இருக்காது அண்ணாச்சி, தங்கமான பயல்லா, வாய் நிறைய மாமா, அத்தைன்னு கூப்பிடுவான்" என்பதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வாய் நிறையக் கூப்பிட்டால் கொலை செய்ய மாட்டானா?

கர்நாடகத்து சயனைடு மோகன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். 2003-க்கும் 2009-க்கும் நடுவில் 20 பெண்களைக் கொன்றவன். அவன் பெரிதாக வித்தை ஒன்றும் காட்டவில்லை. பேச்சுக் கொடுப்பான், அந்தப் பெண் என்ன சாதியோ தானும் அதே சாதி என்பான், வரதட்சணை வேண்டாம் என்பான். நம்பி நகையோடு வந்தவளை லாட்ஜில் தங்கவைத்து, மறுநாள் நகையைக் கழற்றி அறையிலேயே வைக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், கர்ப்பம் தரிக்காமலிருக்க மாத்திரை என்று சயனைடைக் கையில் கொடுத்து, கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள் என்று அனுப்பிவிடுவான். அங்கங்கே போலீஸ் தற்கொலை என்று நினைத்து விட்டுவிட்டது. 2009-ல் காணாமல்போன ஒரு பெண்ணை வேற்று மதத்துக்காரன் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊரில் போராட்டமே நடந்தது. அந்த விசாரணையில்தான் இவன் மாட்டினான்.

'நம்மாளு' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது எல்லாம். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, நம்மாளா என்பதற்குப் பதில் சரியாக வந்துவிட்டால், வேலை நிஜமா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா என்று கேட்பது நம்ம பக்கம் மரியாதைக் குறைவு. நகை போட வழியில்லாத வீட்டில் 'ஒண்ணும் வேண்டாம்' என்று வருகிறவனைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

படிக்காத சனம்தான் ஏமாறும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் டாக்டர் ஷிப்மேன் ஏறத்தாழ 215 நோயாளிகளைக் கொன்றதாக விசாரணை ஆணையம் சொன்னது. பெரும்பாலும் வயதானவர்கள். டாக்டர் வீடு தேடி வந்து பார்க்கிறாரே என்று மகிழ்ந்தவர்கள். 1998 மார்ச்சில் பக்கத்து மருத்துவர் ஒருவர் சந்தேகத்தைச் சொன்னார், போலீஸ் ஏப்ரலில் ஒன்றுமில்லை என்று மூடிவிட்டது, அப்புறமும் மூன்று பேர் செத்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மைனி, மகளுக்கு வந்த வரன் வேலை பார்ப்பதாகச் சொன்ன இடத்துக்கே போய் விசாரித்தார். அவன் சொன்னதெல்லாம் உண்மைதான், கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளையையே சந்தேகப்பட்டவள் என்று சம்பந்தி வீட்டில் இன்னும் குத்திக்காட்டுகிறார்கள். காட்டட்டும். மைனி செய்ததுதான் சரி, நானும் என் பிள்ளைக்கு அப்படித்தான் செய்வேன்.