சைகை மொழி கற்றால் பேச்சு வராதா?

"காது கேளாத குழந்தையைத் தத்தெடுத்தவர்கள் சைகை மொழி பக்கமே போகாதீர்கள், பேச்சு வராது, பிள்ளை தனி உலகத்துக்குப் போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சைகை மொழி பேச்சைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காக்ளியர் கருவி (ஒலியை உணர உதவ, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருத்திய குழந்தையும் இரண்டையும் சேர்த்தே கற்கலாம். உண்மையான ஆபத்து, முதல் சில வருடங்களில் எந்த மொழியுமே முழுசாகக் கிடைக்காமல் போவதுதான். தத்து வரும் குழந்தைக்கு அதில் கொஞ்ச காலம் ஏற்கெனவே கழிந்திருக்கலாம்.

இந்தப் பயம் பழசு. 1880இல் இத்தாலியின் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம் என்றது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே கல்வி மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது, 130 வருடம் கழித்து!

சரி, அந்தத் "தனி உலகம்"? அது சைகை மொழி பேசும் காது கேளாதோரின் சமூகம். அங்கே நண்பர்கள், கிண்டல், கதைகள், தன்னைப்போலவே வளர்ந்த பெரியவர்கள் எல்லாரும் உண்டு. காது கேட்கும் பெற்றோர் மட்டும் இதைத் தந்துவிட முடியாது. காது கேளாதோர் பண்பாட்டுக்கு அங்கீகாரமும் ஆதரவும் வேண்டும் என்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு சொல்கிறது. 2007இல் இந்தியா அதை ஏற்றது. ஐ.நா. இணையதளத்திலேயே படிக்கலாம்.

கற்க நினைப்பவர்கள் டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதியிலிருந்து தொடங்கலாம். அந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.