எத்தனை கன்று இருக்கட்டும், என்ன கன்று?

திருச்சியில் மரம் நடும் விழாவுக்குக் குறைச்சலே இல்லை. தலைவர் பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று ஏதாவது ஒரு சாக்கில் குழி தோண்டிவிடுகிறோம். எத்தனை கன்று என்று செய்தி வருகிறது. என்ன கன்று என்று யாரும் கேட்பதில்லை. என் சண்டையே அதில்தான்.

சாலை நடுவில் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரம், பூங்காவில் குல்மோகர் எனப்படும் செம்மயில்கொன்றை. செம்மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவிலிருந்து. அவற்றின்மேல் எனக்கு விரோதம் இல்லை. சித்திரை வெயிலில் தூங்குமூஞ்சி நிழலில்தான் நானும் வண்டியை நிறுத்துகிறேன். ஆனால் கோனோகார்பஸ் விஷயம் வேறு. குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடை போட்டது. சீமைக்கருவேலத்திடம் பட்ட பாடு நமக்குப் போதாதா? விறகுக்கு ஆகும் என்று பரப்பினார்கள். ஆடுமாடு காயைத் தின்று போகிற இடமெல்லாம் விதை போட, ஏரி குளமெல்லாம் அதுவே நிற்கிறது.

காவிரிக்கரை மரங்களைப் பார்க்க இப்போது கோயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. திருவானைக்காவலில் வெண்நாவல், ஸ்ரீரங்கத்தில் புன்னை, திருப்பராய்த்துறையில் பராய். தலமரம் என்பதால் கோடாலிக்குத் தப்பியவை. மதிலுக்குள் ஒற்றை மரம் நிற்பதால் ஊரில் அந்த இனம் பிழைத்துவிட்டது என்று ஆகிவிடாது. சோழர் சூடியது ஆத்தி, அவர்கள் தலைநகர் உறையூர். இன்றைக்கு உறையூர்த் தெருவில் போய் ஆத்தி எது என்று கேட்டுப் பாருங்கள், அத்திமரத்துக்கு வழி சொல்வார்கள்.

மரம் மட்டுமா? வாய்க்கால் கரை முழுக்கச் சிமெண்ட் சுவர் எழுப்பினால் நாணலும் கோரையும் எங்கே முளைக்கும், நீர்மருது எங்கே வேர்விடும்?

இங்கே என்னவெல்லாம் வளர்ந்தது என்பதற்கு ஊரிலேயே சான்று இருக்கிறது. ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகம் 1967இல் தொடங்கியது. கே.எம். மேத்யூ பாதிரியாரும் அவருடைய குழுவும் ஊர் ஊராக அலைந்து செடிகளைச் சேர்த்து, உலர்த்தி, பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். நடவுத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு நாள் அங்கே போய் உட்காரலாம்.

நர்சரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாவல், இலுப்பை விதைகளைக் காயவைத்து மூட்டை கட்டி வைக்க முடியாது. சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். நாவல் என்றால் பழம் உதிர்கிற ஆனி, ஆடியிலேயே விதைத்தாக வேண்டும். டெண்டர் வரும்வரை விதை காத்திருக்குமா? அதனால் அவர் கிளையை வெட்டி நட்டாலே பிழைக்கிற கோனோகார்பஸுக்குப் போய்விடுகிறார். "முன்பணம் இந்தா, நம்ம பக்கத்துத் தாய்மரத்தில் விதை எடுத்து ரெண்டு வருஷம் வளர்த்துக் கொடு" என்று ஒப்பந்தம் போடுவதில் என்ன கஷ்டம்?

சரி, பராயோ ஆத்தியோ யாராவது ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். பத்துக் கன்று நானே வாங்கிக்கொள்கிறேன்.