அட்டாக் ஃப்ரம் மார்ஸ் ‘ஈஸி மெஷின்’ என்கிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் பின்பால் (சரிந்த பலகையில் உருளும் பந்தை அடித்து ஆடுகிற மெஷின்) வாங்கி விற்கிற நம்ம ஆட்களிடம் ஒரு பேச்சு ஓடுகிறது: “அட்டாக் ஃப்ரம் மார்ஸ் பார்க்க அழகு, ஆட ஈஸி, ஒரு மாசத்துல சலிச்சுடும்.” எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இங்கே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் கராஜ்களில் நிற்கிற பல மெஷின்களுக்குச் சரிவே கிடையாது. படுக்கையாக நிற்கிற மெஷினில் எந்த ஆட்டமும் ஈஸிதான், அண்ணே.

1995-ல் பாலி கம்பெனி பெயரில் வந்த ஆட்டம். வடிவமைப்பு பிரையன் எட்டி, புரோகிராம் லைமன் ஷீட்ஸ். 2017-ல் சிகாகோ கேமிங் கம்பெனி இதை மறுபடி தயாரித்தது. விண்வெளிக் கதை வைத்த பின்பால் அதற்கு முன்னும் நிறைய உண்டு. 1981-ன் பிளாக் ஹோலில் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு பலகை, அதில் பந்து உங்களை விட்டு எதிர்த்திசையில் இறங்கும். 1993-ன் ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் இரண்டு பீரங்கி, பலகைக்கு அடியில் பந்து ஓடும் குழாய்கள். பிரமாதம்தான், ஆனால் அடியில் பந்து சிக்கினால் பாதி நாள் போய்விடும். எட்டி அந்தப் பக்கமே போகவில்லை. நட்டநடுவில் ஒரு பெரிய பறக்கும் தட்டு, அதற்கு முன்னால் மூன்று டார்கெட் கொண்ட தடுப்பு. டார்கெட்களை அடித்தால் மோட்டார் தடுப்பைக் கீழே இறக்கும், பிறகு தட்டை நேரே அடிக்கலாம். பின்பால் பார்த்தே இராத பையனுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சூட்சுமம் அங்கேதான். அந்த மூன்று டார்கெட்டும் பந்தை அடிக்கிற கைகளான இரண்டு ஃப்ளிப்பர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நேர் பார்த்து நிற்கின்றன. நடு டார்கெட்டில் பலமாக விழுந்த பந்து நேரே இடைவெளியில் இறங்கிவிடும். எதை அடிக்கத் தூண்டுகிறதோ அதுவே பந்தைக் காவு வாங்குகிறது. அதனால் ஓடி வருகிற பந்தைத் தட்டை நோக்கி அப்படியே அடிக்காதீர்கள். முதலில் ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை நிறுத்துங்கள். வலது ஃப்ளிப்பரிலிருந்து இடது ஓர டார்கெட்டைக் குறிவைத்தால் பந்து பெரும்பாலும் இடது ஃப்ளிப்பர் பக்கம் திரும்பும். இடதுக்கு இதையே மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் திரும்பி வந்தால், அது டார்கெட்டைத் தொட்ட கணத்திலேயே மெஷினைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ள வேண்டும்; பாதி வழி வந்த பிறகு தள்ளினால் டில்ட்தான் (மெஷினை அதிகம் ஆட்டியதற்காக அந்தப் பந்தே போய்விடும்) மிச்சம்.

செவ்வாய்வாசிகளின் தட்டு ஒவ்வொரு நகரமாகத் தாக்கும்; நகரம் மாற மாற அதை அடிக்க வேண்டிய எண்ணிக்கையும் கூடும். ஸ்கோர் பில்லியனில் ஓடுவதைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ‘ரூல் த யுனிவர்ஸ்’ என்கிற கடைசிக் கட்டம் வரை போக சூப்பர் ஜாக்பாட், மார்ஷியன் அட்டாக் மல்டிபால், டோட்டல் அனைஹிலேஷன், கான்கர் மார்ஸ், சூப்பர் ஜெட்ஸ், ஐந்து அடி காம்போ (அடுத்தடுத்து ஐந்து சரியான அடி) ஆறும் முடிய வேண்டும். சலித்துவிட்டது என்கிறவர்கள் அதில் எத்தனை முடித்தார்கள் என்று கேளுங்கள்.

சரிவுக்கு வருகிறேன். 6.5 டிகிரி. கண்ணாடியை எடுத்துவிட்டு, சரிவு அளக்கும் ஆப்பைத் திறந்து போனை ஆட்டப்பலகை மேலேயே வைத்து அளக்க வேண்டும். கண்ணாடிமேல் வைத்தால் அளவு தப்பும். பின்கால் லெவலர்களை (உயரம் மாற்றும் திருகுகளை) உயர்த்தி, இடம்-வலமும் சமமா என்று பாருங்கள். அப்படி நிறுத்தியதும் ‘ஈஸி மெஷின்’ பேச்சு பாதி அடங்கும்.

உடனே அடுத்த புகார் வரும்: பந்து ராம்ப்பில் (ஏற்றப் பாதையில்) பாதி ஏறித் திரும்புகிறது. ஃப்ளிப்பரை இயக்கும் மின்சுருளான காயிலை மாற்ற ஓடாதீர்கள், காயில் அபூர்வமாகத்தான் போகும். பழுது பெரும்பாலும் தேய்ந்த காயில் ஸ்டாப், காயிலுக்குள் ஓடுகிற, காளான்போல் தலை விரிந்த ப்ளஞ்சர், அதை ஃப்ளிப்பரோடு சேர்க்கும் ஆட்டம் கண்ட லிங்க். ரீபில்ட் கிட் போட்டு, நைலான் ஸ்லீவையும் புதிதாக்குங்கள். எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். அழுக்கோடு சேர்ந்து பசையாகி ப்ளஞ்சர் இழுபடும்.

பந்து வெளியே வராமலோ, ஒன்றுக்கு இரண்டாகவோ வந்தால் பந்துத் தொட்டியின் இரு பக்கமும் இருக்கும், ஒளியால் பந்தை உணரும் ஆப்டோ போர்டுகளைச் சந்தேகப்படுங்கள். அதிர்விலேயே ஈயப் பற்று விரிந்துவிடும், மெஷினுக்குப் பந்துக் கணக்குத் தப்பும். திரும்பப் பற்று வைத்தால் போதும். தடுப்பு நிற்காமல் ஏறி இறங்கினால் அதன் மேல், கீழ் நிலை சுவிட்சுகளைப் பாருங்கள்.

நம்ம ஊருக்கே உரிய இரண்டு தொல்லை. ஒன்று, சிபியூ போர்டில் இருக்கிற மூன்று ஏஏ பேட்டரி. டர்பன் வெக்கையில் கசிந்தால் போர்டையே தின்றுவிடும். கழற்றிவிட்டு, பேட்டரி இல்லாமலே நினைவு வைக்கும் என்விராம் சிப் போடுங்கள். கடிகார நேரம் மட்டும் நினைவில் தங்காது, ஸ்கோர் தங்கும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) என்றால் சுவரில் ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள், கரண்ட் திரும்பும்போது வருகிற அதிர்ச்சி போர்டுக்கு ஆகாது.

இன்னொன்று அமெரிக்காவிலிருந்து இறக்கிய மெஷின். ட்ரான்ஸ்ஃபார்மர் ஜம்பரை (இணைப்புக் கம்பியை) 230 வோல்ட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மெயின் பெட்டிக்குள் இருக்கிற, மிகை வோல்ட்டை அடக்கும் 130 வோல்ட் வாரிஸ்டரை 275-க்கு மாற்றாவிட்டால் சுவிட்சைப் போட்டதும் வெடிக்கும். ஃப்யூஸையும் மேனுவலில் 230-க்குச் சொன்ன ஆம்பியருக்குக் குறைக்க வேண்டும். பின்பெட்டியில் பழைய ட்யூப் லைட் இருந்தால் அதன் சோக்கும் நம்ம வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் ஏற்றதாக இருக்கணும். ஐரோப்பாவிலிருந்து வந்த மெஷினில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். அதனால்தான் நூறு தரம் கேட்டாலும், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள் என்பேன்.

விற்பவர் வீட்டில் காயில் டெஸ்ட் ஓட்டும்போது ஒன்றும் அசையவில்லை என்றால் பேரத்தை முறிக்க வேண்டாம், தம்பி. காசுக் கதவு திறந்திருந்தால் காயிலுக்குப் போகிற 50 வோல்ட் நின்றுவிடும். கதவோரம் இருக்கிற இன்டர்லாக் (பாதுகாப்பு) சுவிட்சின் தண்டை வெளியே இழுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.