பாட்டுக்காரங்க தானேன்னு சொன்னீங்களே

நேத்து கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு நடந்தது தெரியும். "ஹவாய்ல மொழியையும் பண்பாட்டையும் மீட்டது வாத்தியார்களும் வக்கீல்களும், பாட்டுக்காரங்க டூரிஸ்டுக்கு உகுலேலேங்கிற குட்டி கிட்டார் வாசிச்சாங்க, அவ்ளோதான்"னு மேடையில பேசினவர் சொன்னதும் பாதி அரங்கு கை தட்டுச்சே, அதத்தான் என்னால தாங்க முடியல.

பாட்டுக்காரங்கதான் முதல்ல நின்னாங்க. 1893ல ஹவாய் ராணி லிலியுவோகலானிய ஆட்சியில இருந்து இறக்கினப்போ, புது அரசாங்கத்துக்கு விசுவாசக் கையெழுத்து போடமாட்டோம்னு சொன்னது அரச பேண்டுல வாசிச்சவங்க. உங்க பணம் வேணாம், எங்க மண்ணோட கல்லே எங்களுக்குப் போதும்னு அப்ப பிறந்த பாட்ட இன்னைக்கும் பாடுறாங்க. 1896ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்லதான் பாடம்னு சட்டம் வந்துச்சு, ஹவாய் மொழி பேசின பிள்ளைங்கள அடிச்சாங்க, அப்படியே வீட்டுலயும் பேச்சு குறைஞ்சிருச்சு, அப்ப அந்த மொழி தெரியாத பேரப்பிள்ளைங்க வாய்ல அது எப்படி இருந்துச்சு? பாட்டா இருந்துச்சுங்க.

ஹோட்டல்ல வாசிக்கலயான்னு கேப்பீங்க. வாசிச்சாங்க, வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல? கேபி பஹினுயி எவ்வளவு பெரிய ஹவாய் கிட்டார் கலைஞர், அவரே ஹோனலூலுல ரோடு வேலை பாத்தவர். வைமானலோங்கிற ஊர்ல அவர் வீட்டுல வாரக்கடைசில கூடி வாசிச்சாங்களே, அது எந்த டூரிஸ்டுக்கு?

அவர் வாசிச்ச ஸ்லாக் கீ, அதாவது கம்பியத் தளர்த்தி வாசிக்கிற ஹவாய் கிட்டார் பாணி, அதக் கேட்டுட்டுத்தான் அப்பாவோட பழைய கிட்டார்ல கம்பியத் தளர்த்தி நானும் பழகினேன். ஒருநாள் கிளாஸ்ல சார் அத வாங்கி, "இதெல்லாம் பொழுதுபோக்கு"ன்னு எல்லார் முன்னாடியும் கம்பிய முறுக்கிக் குடுத்தார். நேத்து மேடையில கேட்டதும் அதே மாதிரி பேச்சுதான். பதினாறு வயசுல வாங்கினது இன்னும் வலிக்குது.

வாத்தியார்கள நான் குறைச்சுப் பேசல. 1984ல ஹவாய் மொழியிலயே நடத்துற பூனானா லியோ மழலையர் பள்ளி ஆரம்பிச்சவங்க பெரிய மனுஷங்கதான். ஆனா அதுக்கு முன்னாடி, 1969லயே சண்டே மனோவா இசைக்குழு மாதிரி இளசுங்க பழைய பாட்டப் புது வேகத்துல வாசிக்கலன்னா, அந்தப் பள்ளிக்குப் பிள்ளைய அனுப்பணும்னு ஆசை எப்படி வந்திருக்கும்? 1978ல ஹவாய் மொழி ஆட்சிமொழி ஆச்சு, அதுவும் வக்கீல்களோட சாமர்த்தியம் மட்டும்தானா?

ஜார்ஜ் ஹெல்ம்னு ஒரு பாடகர். ஹவாயோட கஹோலாவே தீவுல அமெரிக்க கடற்படை குண்டு போட்டுப் பழகுறத நிறுத்தணும்னு போராடினவர். 1977 மார்ச்ல அந்தத் தீவுக்குப் போனவர் கடல்ல காணாமப் போனார், கூடப் போன கிமோ மிட்சலும் திரும்பல. ஹெல்முக்கு 26 வயசு. குண்டு நின்னது 1990ல. அவரையும் சேத்துத்தானே அவ்ளோதான்னு சொன்னீங்க?

நேத்து மைக் என் பக்கத்துலயே இருந்துச்சு. எழுந்து இதச் சொல்லியிருக்கணும், தொண்டை அடைச்சுக்கிச்சு, சொல்ல முடியல.